கருமருந்துத் தோட்டா: ஆறாவது வெடிக்குப் பிறகு குறி மேலும் கீழும் சிதறுவது ஏன்?

ஒயிட்ஃபீல்டு வாசி:

வணக்கம். நான் பெங்களூரில் தரவுப் பகுப்பாய்வு வேலையில் இருப்பவன். துப்பாக்கியைக் கையால் தொட்டதுகூட இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் என் மைத்துனர், 1874-ஆம் ஆண்டு மாடல் ஷார்ப்ஸ் ரைஃபிளின் இக்கால நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, .45-70 என்ற அளவுத் தோட்டாக்களைத் தாமே கருமருந்து (புகை கக்கும் பழங்கால வெடிமருந்து) இட்டு நிரப்பி, 200 கெஜத் தொலைவில் சுட்டுப் பழகி வருகிறார். ஒவ்வொரு வாரமும் இலக்குத் தாள்களைப் படம் எடுத்து அனுப்புவார். நான் அவற்றை அளந்து பதிந்து வைப்பேன்.

பத்து வெடிகளில் முதல் ஐந்து, 7 செ.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆறாவதிலிருந்து அது 17 செ.மீ. வரை மேலும் கீழுமாக நீள்கிறது. பக்கவாட்டில் பெரிய மாற்றம் இல்லை. மருந்தை 62 கிரெயினிலிருந்து (ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 0.065 கிராம்) 70 வரை ஒவ்வொரு கிரெயினாக மாற்றிப் பார்த்தும் இதே கதைதான். பிப்ரவரியில் நன்றாக இருந்த அதே தோட்டா மே மாதத்தில் இப்படி ஆகியிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. அடுத்து எதை மாற்றச் சொல்வது?

அல்சூர் பெரியவர்:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நான் முப்பது ஆண்டுகள் டூல் ரூமில் லேத் ஓட்டியவன். மகன் வீட்டுக்கு அமெரிக்கா போகும் மாதங்களில், இந்த வகை ரைஃபிள் வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரருடன் உட்கார்ந்து பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன்.

புகையற்ற மருந்து எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். கருமருந்து அப்படியல்ல, அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சி, ஒரு பகுதி புகையாக வெளியேற, மற்றது குழலின் உட்சுவரில் கசடாகப் படிகிறது. ஆகையால் இந்த ரைஃபிளில் குறி தவறாமல் இருப்பது மருந்தின் அளவைவிட, பத்தாவது குண்டும் முதல் குண்டு கண்ட அதே குழலைக் காண்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்தக் கசடு ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. காற்றில் ஈரம் இருந்தால் மிருதுவாக இருக்கும், அரிசோனாவின் மே மாத வெயிலில் ஓடு போல இறுகிவிடும். பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இதற்குப் பழையவர்கள் கண்ட வழி மிக எளியது. காலித் தோட்டாக்கூட்டின் அடியைத் துளைத்து, அதில் ஒரு குழாயைப் பொருத்தி, ஒவ்வொரு வெடிக்கும் பிறகு, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் காலி இடத்தில் அதைச் செருகி, பின்புறத்திலிருந்து மெதுவாக நீண்ட மூச்சு விடுவார்கள். மூச்சின் ஈரம் கசடை இளக்கிவிடும். ஈரப்பதம் உள்ள நாளில் மூன்று மூச்சுகள் போதும்; வறண்ட நாளில் ஆறு, ஏழு வேண்டியிருக்கலாம். எத்தனை என்று முடிவு செய்தாலும் பத்து வெடிக்கும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். மூச்சு விடப் பொறுமை இல்லாதவர்கள் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியால் துடைக்கிறார்கள், அதுவும் சரிதான்.

அடுத்து, குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் பூசும் மசகைப் பாருங்கள். பத்து வெடி முடிந்ததும் குழலின் வாயில் மசகு வளையமாகக் கசிந்து நிற்க வேண்டும். வாய்ப்பக்கத்துக் கடைசி ஒரு சாணில் துணி சொரசொரவென்று மாட்டினால், அந்த நீளத்துக்கு மசகு போதவில்லை என்று பொருள். தேன்மெழுகோடு கொழுப்போ தாவர எண்ணெயோ சேர்ந்த மசகு நல்லது. பெட்ரோலிய வகைகள் கசடோடு சேர்ந்து தார் போலாகிவிடும் என்று அந்த அண்டை வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

மருந்தை எப்படி இறக்குகிறார் என்றும் கேளுங்கள். ஏறக்குறைய 60 செ.மீ. நீளக் குழாய் வழியாக மெல்ல ஊற்றினால் துகள்கள் ஒழுங்காக அமரும். அதன் மேல் அட்டை வில்லையை வைத்து, அதற்கென்று உள்ள டையால்தான் (அமுக்கும் கருவி) அமுக்க வேண்டும். ஈயக் குண்டைக் கொண்டே அமுக்கினால் குண்டு நசுங்கி உருக்குலையும். கருமருந்து வகைகளில் கோயெக்ஸ் என்ற நிறுவனத்தின் மருந்து கூடுதல் அமுக்கத்தை ஏற்கும், சுவிஸ் என்ற பெயரில் விற்கும் மருந்துக்குக் குறைவே போதும். குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் மட்டும் இருக்கவே கூடாது. அது குழலையே கெடுத்துவிடும்.

இந்திராநகர் ஏர் ரைஃபிள்காரர்:

பெரியவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போடாமல் காரணத்தை முடிவு செய்வது எனக்கு உடன்பாடில்லை. இந்தக் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 365 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். 200 கெஜம் என்பது 183 மீட்டர். போய்ச் சேர ஏறக்குறைய 0.54 வினாடி ஆகும். அந்த நேரத்தில் அது 1.4 மீட்டர் வீழ்கிறது. வேகம் 1 சதவீதம் மாறினால் வீழ்ச்சி ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 3 செ.மீ. மாறும். 17 செ.மீ. சிதறலை வேகத்தால் மட்டும் விளக்க வேண்டுமென்றால், வேகம் 6 சதவீதம் வரை ஆட வேண்டும். கசடு இறுகினால் அவ்வளவும் ஆடக்கூடும், ஆடாமலும் இருக்கலாம்.

முதலில் ஒரு குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்துப் பத்து வெடியின் வேகத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். வேகம் சீராக இருந்தும் குறி மேலும் கீழும் போனால், மைத்துனர் குழலைத் தாங்கும் குறுக்குக் கோல்களைப் பாருங்கள். இந்தக் குண்டு மெதுவாகச் செல்வதால், அது குழலுக்குள் இருக்கும்போதே பின்னுதைப்பில் குழல் மேலெழத் தொடங்குகிறது. கோல் குழலைத் தொடும் இடம் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் அது இலக்கில் தெரியும்.

இன்னொன்று: மருந்து, மசகு, மூச்சு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் உங்கள் அட்டவணை பயனற்றதாகிவிடும்.

ஃப்ரேசர் டவுன் வழக்கறிஞர்:

சட்டம் குறித்து ஒரே குறிப்பு. மைத்துனர் அங்கே செய்வதை இங்கே யாரும் வீட்டில் முயல வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. குடகு மக்களுக்கு விலக்கு உண்டே என்று கேட்பார்கள். அது துப்பாக்கி வைத்திருக்கும் உரிமத்தைப் பற்றியது, தோட்டா நிரப்பும் பட்டறையைப் பற்றியதல்ல.

ஒயிட்ஃபீல்டு வாசி:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்களாக ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். எதையும் மாற்றாமல் குரோனோகிராஃபில் அளந்தபோது, முதல் ஐந்து வெடிகளின் வேகம் வினாடிக்கு 4 மீட்டருக்குள் அடங்கியது; அடுத்த ஐந்தில் அது 15 மீட்டர் ஆடியது. கணக்குப்படி அது ஏறக்குறைய 11 செ.மீ. சிதறலுக்குச் சமம்; மீதி வேறெங்கிருந்தோ வருகிறது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஆறு மூச்சு என்று வைத்தவுடன் வேக வேறுபாடு 5 மீட்டராகவும், உயரச் சிதறல் 10 செ.மீ. ஆகவும் குறைந்தன. அதன் பிறகு கோல் தொடும் இடத்தில் குழலின் மீது ஒரு நாடா ஒட்டி, எல்லா வெடிக்கும் அங்கேயே வைத்தபோது 8 செ.மீ. ஆனது.

குழல் வாயில் மசகு வளையம் இன்னும் முழுதாக வரவில்லை. எட்டாவது வெடிக்குப் பிறகு துணி சற்று மாட்டுகிறதாம். கூடுதல் மசகுப் பள்ளங்கள் உள்ள குண்டு அச்சு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் எண்களோடு வருகிறேன்.