ஆனைமுடி, தொட்டபெட்டா: எது உசரம், எது எங்க இருக்கு?

குரூப்2_தேனி
ஒரு புக்ல உயரமான சிகரம் தொட்டபெட்டா 2637 மீட்டர்னு போட்டிருக்கு, இன்னொன்னுல ஆனைமுடி 2695 மீட்டர்னு இருக்கு. கூட படிக்கிறவன் ஆனைமலைன்னா பொள்ளாச்சி பக்கம்தான, அப்போ ஆனைமுடியும் தமிழ்நாடு தானேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். யாராவது தெளிவா சொல்லுங்களேன். தொட்டபெட்டால உச்சி வரைக்கும் வண்டியிலயே போயிட்டோம், அதே மாதிரி ஆனைமுடிக்கும் போகலாமா?

வரைபடப்பிரியன்
ரெண்டு புக்குமே சரிதாங்க, கேள்வியில எந்த எல்லைன்னு பாக்கணும். தமிழ்நாட்டுக்குள்ளன்னா தொட்டபெட்டா. மேற்குத் தொடர்ச்சி மலை, தென்னிந்தியான்னு கேட்டா ஆனைமுடி. அது இருக்கறது கேரளா, இடுக்கி மாவட்டம், மூணாறு பக்கத்துல.

உங்க நண்பர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு. ஆனைமலைத் தொடர் பொள்ளாச்சி, வால்பாறையோட நிக்கல, தெக்கால அப்படியே கேரளாவுக்குள்ள போகுது. ஆனைமுடி ஒரு முடிச்சுங்க, அங்கருந்து வடக்க ஆனைமலை, வடகிழக்க பழனி மலை, தெக்க ஏலமலைன்னு மூணா பிரியும், கொடைக்கானல் இருக்கே அது அந்த வடகிழக்கு கிளைதான். தொட்டபெட்டா இருக்கற நீலகிரி தனி, நடுவுல பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல அகலமா கிடக்கு, தென்மேற்குப் பருவத்துல கோயம்புத்தூருக்கு அடிக்கிற காத்து அந்த வழியாத்தான் வருது. இத பட்டியலா மனப்பாடம் பண்ணா ஒரு வாரத்துல மறந்துரும், நிலத்தோட ஏத்த இறக்கம் தெரியற மேப்ப ஒரு தடவ விரிச்சு பாருங்க, போதும்.

ராஜமலை_எஸ்டேட்
நான் மூணாறு, எஸ்டேட் குடும்பம். உச்சிக்கு ஏற பொதுமக்களுக்கு அனுமதி கிடையாதுங்க, அது இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள்ள வருது. வனத்துறை பஸ்ல ராஜமலை வரைக்கும் போயி தார் ரோட்டுல நடக்கலாம், அங்கருந்தே மொட்டப்பாறையா நிக்கிற ஆனைமுடி நல்லா தெரியும், மேகம் விலகுனா.

ரூல்ஸ் ஏன் இவ்ளோ கறாரா இருக்குன்னா வரையாடுங்க, நம்ம தமிழ்நாட்டோட மாநில விலங்கு. உலகத்துல இதுக்கு மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா வேற இடமே இல்ல, அதுலயும் பெரிய கூட்டம் இரவிகுளத்துலதான் இருக்கு. ரோட்டு ஓரத்துலயே நின்னு மேயும், வயசான கெடாவுக்கு உடம்பு கருத்து முதுகுல மட்டும் வெளுப்பா ஒரு பட்டை விழுந்திருக்கும், குட்டிங்க நமக்கு கால் வைக்க எடமில்லாத பாறைச் சரிவுல தாய் பின்னாடியே ஓடும், பாக்கவே நெஞ்சு பதறும். அதுங்க குட்டி போடற பிப்ரவரி மார்ச் வாக்குல பூங்காவையே மூடிருவாங்க, வர்றதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க. தயவுசெஞ்சு தீனி எதுவும் குடுக்காதீங்க.

இந்த இடம் ஒரு காலத்துல தோட்டத் துரைங்களோட வேட்டைக்காடு. கேரள அரசு நிலத்த எடுத்தப்புறம் 1975ல சரணாலயம், 1978ல தேசியப் பூங்கா. மெட்ராஸ் ராணுவத்து டக்ளஸ் ஹாமில்டன் 1862ல உச்சி ஏறினதத்தான் முதல் ஏத்தம்னு எழுதுறாங்க, ஆனா முதுவர் மக்கள் அதுக்கு ரொம்ப முந்தியே இந்த மலையில வாழ்றவங்க, அவங்க பேர எவனும் எழுதி வைக்கல, அதையும் சேத்து படிங்க.

குரூப்2_தேனி
ரொம்ப நன்றிண்ணே ரெண்டு பேருக்கும். இன்னும் ஒன்னு, அங்க பெய்யற மழையெல்லாம் கேரளா பக்கம்தான் போகுமா?

வரைபடப்பிரியன்
இல்ல தம்பி, ரெண்டு பக்கமும் பிரியுது. மூணாறு பக்கம் இறங்கறது முதிரப்புழையாறு வழியா பெரியாறுல சேந்து அரபிக்கடலுக்கு போயிரும். கிழக்க இறங்கறது பாம்பாறு, மறையூர் தாண்டி சின்னாறோட சேந்து அமராவதியா நம்ம பக்கம் வருது. அமராவதி அணை, தாராபுரம், கரூர்னு போயி காவிரில கலக்கும். மறையூர் மழை மறைவுப் பகுதி, சந்தனக் காடு இருக்கறதும் அங்கதான், இதையும் குறிச்சுக்கோங்க.