குன்னூர் குளிரில் சிப்பிப்பாறை: ஸ்வெட்டர் பின்ன அளவு சொல்லுங்கள்

கரிசல்மகள்:

தோழிகளுக்கு வணக்கம். ஜூன் மாதம் கோவில்பட்டியிலிருந்து குன்னூருக்குக் குடிவந்தோம். அவருக்கு இங்கே தேயிலை ஃபேக்டரியில் வேலை. கூடவே வந்தவள் மின்னல். மூன்று வயது, செவலை நிறச் சிப்பிப்பாறை நாய்.

கரிசல் வெயிலுக்கென்றே அமைந்த உடம்பு அவளுக்கு. தோலோடு ஒட்டின முடி, கொழுப்பு என்பதே இல்லை, விலா எலும்பை எண்ணிவிடலாம். நாங்கள் சோறு போடுவதில்லையோ என்று பக்கத்து வீட்டு அக்கா முதலில் கவலைப்பட்டார். அந்த ஜாதியின் வாகே அப்படித்தான் என்று சொல்லிப் புரியவைத்தேன். ஊரில் உச்சிவெயிலில் ஓடுவாள், இங்கே காலையில் வாசற்படி தாண்டவே மாட்டேன் என்கிறாள்.

திருவருகைக் காலம் முதல் ஞாயிறன்று ஹாலில் கிறிஸ்துமஸ் குடில் வைத்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் காய்கறி வண்டிக்காரரிடம் சொல்லி ஒரு கட்டு வைக்கோல் வாங்கிப் பரப்பியிருந்தேன். மறுநாள் விடிகாலை வந்து பார்த்தால் சூசையப்பரும் ஆடுகளும் தரையில் கிடக்கிறார்கள். வைக்கோலுக்குள் மின்னல் சுருண்டு, மூக்கை வாலுக்கு அடியில் செருகிக்கொண்டு படுத்திருக்கிறாள். தொட்டுப் பார்த்தால் காது நுனி ஐஸாக இருந்தது, தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே ஒரு ரெடிமேட் ஸ்வெட்டர் வாங்கினோம். நெஞ்சுக்குச் சரியாக இருப்பது வயிற்றில் தொங்குகிறது, நாலு எட்டு நடந்தால் பின்னங்கால் அதில் மாட்டுகிறது. கழுத்தும் லூஸ், தலையைக் குனிந்தாலே கழன்றுவிடும்.

அதனால் நானே பின்னப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது. நிட் (நேர்க்கண்ணி), பர்ல் (எதிர்க்கண்ணி), இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிற ரிப் எல்லாம் வரும், ஆனால் இதுவரை மஃப்ளரும் குழந்தைக் குல்லாவும்தான் பின்னியிருக்கிறேன். அம்மாவின் 8 நம்பர் ஊசி ஒரு ஜோடி இருக்கிறது. மின்னலின் அளவு: கழுத்து 33 செ.மீ., நெஞ்சின் அகலமான இடத்தில் சுற்றளவு 64, இடுப்பு 46, கழுத்துப்பட்டையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 58. எத்தனை கண்ணி போட வேண்டும்? எந்த நூல் நல்லது? தோடர்களின் பூத்துக்குளிச் சால்வையில் வருவதுபோல வெள்ளையில் சிவப்பும் கறுப்புமாக டிசைன் போட ஆசை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஊரில் நன்றாக வந்த கேக் இங்கே ஓவனில் பொங்கி எழுந்து, அப்புறம் நடுவில் குழிந்துவிடுகிறது. கிறிஸ்துமஸுக்குத் திராட்சை, பேரீச்சை எல்லாம் ஊறப்போட்டாயிற்று. அந்த ஜாடி இருக்கிற மேஜைக்குக் கீழேதான் மின்னல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

ஊசியும்நூலும்:

வைக்கோலில் போய்ப் படுத்தாளா, பாவம் குழந்தை. நான் கோத்தகிரி, முப்பது வருஷமாகப் பின்னுகிறேன் மா. என்னிடம் இருந்த ஒரு கன்னி ஜாதி நாய்க்கும் பின்னியிருக்கிறேன். உடம்புவாகு ரெண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் சின்னதாக ஒரு சதுரம் பின்னி 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். நடுத்தரத் தடிமன் நூலில் 8 நம்பர் ஊசிக்கு என் கைக்கு 22 வரும். அந்தக் கணக்கில் கழுத்துக்கு 72 கண்ணி. இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப், அதையும் தாராளமாக 14 செ.மீ. நீளத்துக்குப் பின்னுங்கள். இந்த ஜாதிக்குக் கழுத்து நீளம், குளிர் முதலில் ஏறுவது அங்கேதான். மடித்தும் விடலாம், காது வரை இழுத்தும் விடலாம். ரிப் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும், குனிந்தாலும் கழலாது.

அப்புறம் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, வரிசைக்கு நாலு கண்ணி கூட்டிக்கொண்டே போய் 140 ஆக்குங்கள். பின்னலின் இரண்டு ஓரமும் நெஞ்சுக்கு அடியில் வந்து சேரும், தையல் அங்கேதான் வரும். 140 வந்ததும் கால் ஓட்டை. இரண்டு பக்கமும் 15, 15 கண்ணி நெஞ்சுப் பகுதிக்கு. அதை அடுத்து 4, 4 கண்ணி அடைத்துவிடுங்கள். நடுவில் 102 முதுகுக்கு. மூன்றையும் தனித்தனியாக 10 செ.மீ. பின்னி, அடைத்த இடத்தில் மறுபடி 4, 4 போட்டு ஒன்றாகச் சேருங்கள்.

ரெடிமேட்காரர்கள் தவறவிடுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். இவளுக்கு வயிறு சட்டென்று மேலே ஏறிவிடும். சேர்த்த பிறகு ஒரு 8 செ.மீ. நேராகப் பின்னிவிட்டு, அடிவயிற்றுக் கண்ணிகளை இரண்டு பக்கமும் அடைத்துவிடுங்கள். அதற்கு மேல் முதுகுப் பட்டை மட்டும், இரண்டு ஓரமும் குறைத்துக்கொண்டே வால் வரை போகட்டும். பின்னங்காலில் மாட்டாது. ஆண் நாய் என்றால் அடிப்பக்கம் இன்னும் முன்னாலேயே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் நனைந்துபோகும்.

டிசைனுக்குக் கோடு போதும் மா. இரண்டு நிறத்தை ஒரே வரிசையில் பின்னினால் உள்பக்கம் நூல் தொங்கும், போடும்போதும் கழற்றும்போதும் நகம் அதில் மாட்டிக்கொள்ளும். வெள்ளையில் நாலு வரிசை சிவப்பு, இரண்டு வரிசை கறுப்பு, நாலு வரிசை சிவப்பு என்று விட்டால் பூத்துக்குளிச் சாயல் வந்துவிடும். நூல், துவைக்கத் தாங்கும் கலப்பு உல்லன் வாங்குங்கள். சுத்தமான கம்பளி சூடு அதிகம், ஆனால் முடி குறைந்த நாய்க்கு அக்குளில் அரிக்கும், நனைந்தால் வாடையும் வரும். பட்டன் வேண்டவே வேண்டாம், கடித்துப் பிய்த்து விழுங்கிவிடும்.

கரிசல்மகள்:

அத்தை என்று கூப்பிடலாமா? இவ்வளவு நிதானமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஒரு சந்தேகம். கால் ஓட்டைக்கு 10 செ.மீ. போதுமா? அவள் ஓடும்போது முன்னங்காலை ரொம்ப நீட்டுவாள்.

ஊசியும்நூலும்:

தாராளமாகக் கூப்பிடு. நல்ல கேள்வி. ஓடுகிறவள் என்றால் 13 வைத்துக்கொள். ஓட்டை இறுக்கமாக இருந்தால் அக்குள் உரசிப் புண்ணாகிவிடும்.

அடுப்படிராணி:

கேக் விஷயம் நான் சொல்கிறேன் சிஸ்டர். குன்னூர் ஏறக்குறைய 1850 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடர் விடும் வாயு சீக்கிரம் விரிந்துவிடும், மாவு வெந்து இறுகுவதற்குள் மேலே ஏறி, தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடும். பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறையுங்கள், சர்க்கரையை ஒரு ஸ்பூன் குறையுங்கள், பால் இரண்டு ஸ்பூன் கூட்டுங்கள். ஓவனை வழக்கத்தைவிட 10 டிகிரி கூட வைத்துச் சற்று முன்னதாகவே பாருங்கள். ரொம்ப நுரைக்க அடிக்கவும் வேண்டாம்.

ஆனால் எனக்குக் கேக்கைவிட அந்த ஊறின திராட்சை மேல்தான் பயம். திராட்சை, உலர் திராட்சை இரண்டும் நாய்க்கு விஷம். சிறுநீரகத்தைக் கெடுக்கும். இத்தனை தின்றால்தான் ஆபத்து என்று அளவு கிடையாது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பும், இன்னொன்று கொஞ்சத்திலேயே விழுந்துவிடும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் நம் புளியில் நிறைய இருக்கிறது. ஆகவே மிச்சமான புளிசாதமும் புளிக்குழம்பு ஊற்றின சோறும் கூடாது. உங்கள் பழ ஜாடியில் ரம் வேறு இருந்தால் இரட்டை ஆபத்து. ஜாடியைப் பூட்டுகிற அலமாரியில் வையுங்கள், மேஜையில் வேண்டாம். தின்றுவிட்டால் வாந்தி வருகிறதா பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

மின்னலுக்கு என்று தனியாக ராகி மாவு, ஒரு முட்டை, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் மட்டும் பிசைந்து பிஸ்கட் சுடுங்கள். உப்பு, சர்க்கரை வேண்டாம். நன்றாக முறுகினால் டப்பாவில் ஒரு வாரம் இருக்கும்.

மதுரைப்பூனை:

நூல் பற்றி ஒரு வார்த்தை. என் பூனை போன வருடம் ஒரு முழம் உல்லன் நூலை விழுங்கிவிட்டது. பின்பக்கம் நுனி தெரிந்தது, நான் இழுக்கப் போனேன். நல்லவேளை என் தம்பி கையைப் பிடித்துவிட்டான். இழுத்தால் உள்ளே குடலை அறுத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் செய்துதான் காப்பாற்றினோம். பின்னி முடித்ததும் வெட்டிய துண்டு நூலைக்கூடப் பொறுக்கி மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். ஸ்வெட்டரோடு மின்னலைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகவும் வேண்டாம்.

கரிசல்மகள்:

பதினான்கு நாள் கழித்து வருகிறேன். ஸ்வெட்டர் முடிந்தது!

என் கைக்கு 10 செ.மீ.க்கு 20 கண்ணிதான் வந்தது அத்தை. அதனால் கழுத்துக்கு 64 போட்டு 128 வரை கூட்டினேன். கால் ஓட்டை 13. ஒரு பக்கம் மட்டும் கண்ணி தவறி, இரண்டு நாள் வேலையைப் பிரித்து மறுபடி பின்னினேன். 50 கிராம் பந்து ஐந்து வாங்கினேன், நாலரை ஆனது. தோள்பட்டைக்குப் பின்னால் சிவப்பு, கறுப்பு, சிவப்புக் கோடு.

முதல் தடவை போட்டதும் சிலை மாதிரி நின்றாள். கால் எடுத்து வைக்கவே இல்லை. ராகி பிஸ்கட் ஒன்றை வாசலில் வைத்தேன், ஒரே பாய்ச்சல். ஸ்வெட்டர் இம்மியும் நகரவில்லை, பின்னங்காலிலும் மாட்டவில்லை. கழுத்து ரிப்பை நானே காது வரை இழுத்துவிட்டேன், அப்படியே விட்டுவைத்திருக்கிறாள். இன்று காலை ஆறரைக்குப் பனி விலகாத நேரத்தில் கேட்டருகே நின்று, பால்காரரைப் பார்த்து ஊரில் குரைப்பதுபோலவே குரைத்தாள். வீட்டுக்குள் வந்ததும் காது நுனியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

பழ ஜாடி பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது, சாவி என் தாலிச் சங்கிலியில். நூல் துண்டெல்லாம் மூடி போட்ட டப்பாவில். கேக் இந்தத் தடவை குழியவில்லை. கால் பங்கு குறைத்தது சரியாக இருந்தது ராணி சிஸ்டர், பால் மட்டும் மூன்று ஸ்பூன் தேவைப்பட்டது.

குடிலைத் திரும்ப அடுக்கிவிட்டேன். வைக்கோலில் பாதியை எடுத்து ஒரு சாக்கில் திணித்துத் தைத்து, ஹால் மூலையில் அவளுக்கு மெத்தையாகப் போட்டிருக்கிறேன். அத்தை, மிச்சம் அரைப் பந்து நூல் இருக்கிறது. அதில் அவளுக்குக் காதை மூடுகிற மாதிரி ஒரு பட்டை பின்ன முடியுமா?

ஊசியும்நூலும்:

முடியும். 7 செ.மீ. அகலத்துக்கு முழுக்க ரிப்பாகப் பின்னி வளையமாகத் தைத்துவிடு, தலையைச் சுற்றி அளவெடுத்து எனக்கு எழுது, கண்ணிக் கணக்கு போட்டுத் தருகிறேன். இரண்டு காதும் உள்ளே மடங்காமல் தட்டையாகப் படிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.