புதுப்பிப்பு: எந்த லென்ஸ், 50ஆ, 70-300ஆ என்று கேட்டிருந்தேனே

தங்கை கல்யாணத்துக்கும் வேடந்தாங்கல் பறவைகளுக்கும் சேர்த்து ஒரு லென்ஸ் வாங்கினால் போதுமா, 50 மி.மீ. எஃப் 1.8ஆ (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது), தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-300 ஜூமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். ஒன்றில் இரண்டும் நடக்காது என்றீர்கள். சரிதான். 50ஐ வாங்கினேன், 70-300ஐ வாடகைக்கு எடுத்தேன்.

மண்டபத்தில் 50தான் காப்பாற்றியது. ஹோமப் புகை, மங்கலான மஞ்சள் விளக்கு, பிளாஷ் வேண்டாம் என்று அப்பாவின் கட்டளை வேறு. எஃப் 5.6ஐவிட எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் தாலி கட்டும்போது லென்ஸை எஃப் 1.8க்கு முழுசாகத் திறந்து வைத்ததில், துல்லியமாக விழும் ஆழம் குறைந்து, மாப்பிள்ளையின் விரல் துல்லியம், தங்கை முகம் கலங்கல்! அப்புறம் திறப்பை எஃப் 2.8க்குக் குறைத்தேன். என் கேமராவின் சென்சார் சிறியது. 50 அதில் 75 போலத்தான் தெரியும், அதாவது காட்சி குறுகிவிடும். குடும்பப் படத்தில் எல்லோரையும் அடக்கப் பின்வாங்கிக்கொண்டே போய்ப் பந்தி இலையை மிதிக்கப் பார்த்தேன். கடைசியில் அகலமாக எடுக்கும் பழைய 18-55 லென்ஸ்தான் கை கொடுத்தது.

வேடந்தாங்கலில் தலைக்கு மேல் பறந்த கூழைக்கடாவுக்கு 300 தாராளம். ஏரி நடுவில் மரத்துக் கூடுகளுக்குப் போதவில்லை. வாடகைக் கடைக்காரர் அடுத்த முறை 150-600 எடுத்துப் போகச் சொல்கிறார். தூக்க ஆள் வேண்டுமே!