ஒளிப்படத்தைப் பார்த்து நாணயத்தின் தரத்தை முடிவு செய்யலாமா?

குடந்தை வாசகர்:
தஞ்சாவூர் விற்பனையாளர் ஒருவர் 1911-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்றின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பி, புழங்காத நாணயம் என்று சொல்லி அதற்குரிய விலையைக் கேட்கிறார். படங்களை இணைத்துள்ளேன். மன்னரின் கன்னம், தாடி, மேலங்கியில் உள்ள யானை ஆகிய மேடுகளே முதலில் தேயும். துதிக்கை குட்டையாக அமைந்து, பன்றி என்று மக்கள் வெகுண்டதால் 1912-இல் திருத்தப்பட்ட அதே யானைதான். அது இப்படத்தில் முழுமையாகத் தெரிவதால், தரத்தைப் படத்திலேயே முடிவு செய்யலாம் என்பது என் கருத்து.

திருவாரூர் நாணயப்பிரியர்:
ஐயா, மேடு தேய்ந்திருக்கிறதா என்பதைப் படம் ஓரளவு சொல்லும்; மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது. புழங்காத வெள்ளி நாணயத்தை விளக்கடியில் மெல்லச் சாய்த்தால் ஒளி பட்டைபட்டையாகச் சுழன்று ஓடும். சிறிது புழங்கியிருந்தாலும் அந்த ஓட்டம் கன்னத்தின் மேட்டில் அறுந்துபோகும். ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் இதை எங்கே காண்பது? துணியால் தேய்த்துத் துடைத்த மயிரிழைக் கீறல்களும் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழும்பும். பரவலான வெளிச்சத்தில் அடங்கிவிடும். உங்கள் படத்தில் எழுத்துகளின் இடுக்கு உட்பட எல்லா இடமும் ஒரே சீராக வெளுத்திருப்பதைப் பார்த்தால், பொடி போட்டுத் துலக்கியிருப்பார்களோ என்று ஐயுறுகிறேன்.

குடந்தை வாசகர்:
வெளுப்புக்குக் கைப்பேசி கேமராவும் காரணமாகலாமே! நேரில் பார்த்தே வாங்க வேண்டும் என்றால், நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொரு காசுக்கும் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருக்கும். குறை படத்தில் இல்லை, படமெடுக்கும் முறையில்தான் இருக்கிறது.

நாகை அன்பர்:
வெள்ளி ரூபாயை விடுங்கள். இப்பகுதியில் அதிகம் கைமாறும் ராஜராஜன் செப்புக்காசுக்கு என்ன செய்வீர்கள்? கையால் அடித்த அக்காசில் அச்சு ஒரு பக்கம் நகர்ந்து, நாகரி எழுத்துகளில் பாதி வெளியே போயிருக்கும். அது தேய்மானம் ஆகாது. அமெரிக்க நாணய ஆய்வாளர் ஷெல்டன் 1949-இல் அந்நாட்டுச் செப்பு செண்ட் நாணயங்களுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான தர எண்ணை இதற்கு ஒட்டிவைப்பதே எனக்கு உடன்பாடில்லை. இங்கே பார்க்க வேண்டியது செம்பின் மேல் படியும் பச்சைக் களிம்பை. செம்போடு இறுகப் படிந்த கரும்பச்சை காசுக்குக் காப்பு. விரலில் ஒட்டும் வெளிர்பச்சைத் தூளோ உப்பேறி அரித்துக்கொண்டிருப்பதன் அடையாளம். படத்தில் இரண்டும் பச்சைதான். புளி போட்டுத் துலக்கி இளஞ்சிவப்பாகிவிட்ட காசையும் மஞ்சள் விளக்கில் படமெடுத்துப் பழமையாகக் காட்டிவிடலாம்.

திருவாரூர் நாணயப்பிரியர்:
நாகை அன்பர் சொல்வதோடு விளிம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்ப்புப் போலிகளில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இணைப்புக் கோடு தெரிவது பெரும்பாலும் அங்கேதான். அந்தப் படத்தை யாரும் தாமாக அனுப்புவதில்லை.

குடந்தை வாசகர்:
சாய்த்துத் திருப்பும் காணொளி, விளிம்பின் படம், ரூபாயின் சரியான எடையான 11.66 கிராமைத் தராசில் காட்டும் படம் ஆகிய மூன்றையும் இன்று கேட்டிருக்கிறேன். இவை வந்தபின்னும் நேரில் பார்த்தாக வேண்டும் என்பீர்களா?

திருவாரூர் நாணயப்பிரியர்:
புழங்கிய நாணயத்தின் விலை என்றால் தேவையில்லை. அவர் கேட்கும் விலைக்கு, கட்டாயம் என்பேன். தஞ்சாவூர் உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தானே, ஐயா.