தேன் தடவிய கோழியும் பல் கூசவைத்த ஷாப்லியும்: தப்பு எதில்?

உப்புக்கல்:
நேத்து ஒரு ஷாப்லி திறந்தோம், பிரான்ஸ்ல ஷாப்லிங்கிற ஊர்ப் பக்கத்து ட்ரை வெள்ளை ஒயின். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரா கிளாஸ்ல ஊத்தினது. முதல் வாயிலேயே பல் கூசிடுச்சு, வாசனைன்னு எதுவுமே தெரியல. கூட இருந்தது தேன் தடவிச் சுட்ட கோழியும் க்ரீம் சாஸும். ட்ரை ஒயின்னா இப்படித்தானா? பாட்டில் கெட்டிருக்குமா? இல்ல சாப்பாடுதான் சேரலையா?

அந்திவெயில்:
உங்களுக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். 'இதுக்கு இதுதான் சேரும்'னு சொல்றதெல்லாம் பழக்கம், அதுக்கு விதின்னு பேர் வச்சிருக்காங்க. 2001இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு வந்தது. போர்தோவில் ஒயின் படிக்கிற 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயின்லயே மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தாங்க. சிவப்பு ஒயினுக்குச் சொல்ற வார்த்தைகளாலதான் அதை வர்ணிச்சாங்க. அதையே படிக்கிறவங்க கதி இது. அடுத்தவர் நாக்கை நம்பி நாம ஏன் சாப்பாடு தேடணும்?

மூன்றாம்மிடறு:
அந்த ஆய்வு மணத்தைப் பற்றியது, அந்திவெயில். கண் மூக்கை ஏமாற்றும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எலுமிச்சைச் சாற்றுக்கு எந்தச் சாயம் போட்டாலும் புளிக்கத்தானே செய்யும்?

உப்புக்கல், ட்ரை என்றால் சர்க்கரை மிச்சமில்லை என்றுதான் அர்த்தம். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராமுக்குள்; புளிப்பு அதற்கேற்ப நிறைய இருந்தால் 9 கிராம் வரை போகலாம். ஷாப்லி சார்டனே திராட்சைதான், ஆனால் குளிரான பகுதியில் விளைவதால் புளிப்பு குறையாமல் நிற்கும். உணவில் இனிப்பு இருந்தால் அந்தப் புளிப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். உப்பும் எலுமிச்சையும் அதை அடக்கிவிடும்.

என் பேச்சை நம்ப வேண்டாம். ஒரு வாய் குடியுங்கள். எலுமிச்சைத் துண்டை உப்பில் தொட்டு நக்கிவிட்டு அடுத்த வாய். பிறகு ஒரு சொட்டுத் தேன், மூன்றாவது வாய். ஒரே கிளாஸ், ஒரே ஒயின். மூன்று வாயும் மூன்று விதமாக இருக்கும்.

இன்னொன்று, ஃப்ரிட்ஜ் குளிர் சுமார் 4 டிகிரி. அதில் மணம் எழும்பாது. ஷாப்லிக்கு 10 முதல் 12 டிகிரி வேண்டும்.

அந்திவெயில்:
உப்பு, தேன் விஷயம் சரி, அது நாக்கோட வேலை. ஆனா 'மீனுக்கு வெள்ளை ஒயின்'னு ஒண்ணு சொல்றாங்களே, அதுக்கு என்ன ஆதாரம்? ஷாப்லி மண்ணில் சிப்பி ஓடு இருக்கு, அதனால அது சிப்பிக்குச் சேரும்னு சொல்றவங்களும் இருக்காங்க. வேர் ஓட்டோட ருசியை உறிஞ்சி பழத்துக்கு அனுப்புமா?

மூன்றாம்மிடறு:
அனுப்பாது. அங்கே மண்ணில் சிறு சிப்பிகளின் புதைபடிவம் இருப்பது உண்மை, ருசி அதிலிருந்து வருகிறது என்பது கதை. அதில் உங்கள் பக்கம்தான் நான்.

மீன் விஷயம் வேறு. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 38 சிவப்பு ஒயினையும் 26 வெள்ளை ஒயினையும் உலர்ந்த ஸ்காலப் சிப்பியோடு சுவைக்க வைத்தார்கள். இரும்பு அதிகமுள்ள ஒயினில்தான் கவிச்சி தூக்கியது. இரும்பைப் பிணைக்கும் பொருள் ஒன்றைச் சேர்த்ததும் அது அடங்கியது. ஆக, நிறத்தில் ஒன்றுமில்லை. இரும்பு குறைந்த சிவப்பு மீனோடு தாராளமாகப் போகும்.

அந்திவெயில்:
இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்! நிறத்தை வச்சு விதி போடுறதைத்தான் நான் எதிர்க்கிறேன். அதோட க்ரீமைக் குத்தம் சொல்லாதீங்க. நான் க்ரீம் சாஸோட புளிப்பான வெள்ளைதான் குடிப்பேன். நாக்குல படிஞ்ச கொழுப்பை அது வழிச்சுட்டுப் போயிடும்.

மூன்றாம்மிடறு:
க்ரீமை நான் குறை சொல்லவே இல்லையே. என் சந்தேகம் தேன்மேல்தான்.

உப்புக்கல்:
மிச்சமிருந்த பாதிப் பாட்டிலை இன்னிக்கு இருபது நிமிஷம் வெளிய வச்சுட்டு ஊத்தினேன். மேல பச்சை ஆப்பிள் வாசனை, நேத்து இது எங்க போச்சுன்னே தெரியல. கோழியில தேன் படிஞ்ச தோலை உரிச்சுட்டு, உள் சதைய க்ரீம் சாஸ்ல தொட்டுச் சாப்பிட்டேன். அருமையா இறங்குச்சு. தோலை ஒரு கடி கடிச்சுக் குடிச்சேன், அதே பல் கூச்சம். பொண்டாட்டிக்கு மட்டும் தோலோடயே பிடிச்சிருக்கு, அந்தக் கூச்சம்தான் வேணுமாம்.