‘மின்’ எங்கே நிற்க வேண்டும்? – எலக்ட்ரானிக் லேப் நோட்புக்குக்குச் சொல் தேடி

அனைவருக்கும் வணக்கம்.

எலக்ட்ரானிக் லேப் நோட்புக், அதாவது ஆய்வகத்தில் செய்யும் சோதனைகளைக் கணினியில் பதிந்துவைக்கும் ஏடு, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டு இந்த இழை தொடங்கிய நாலு நாளில் பத்துக்கு மேல் பரிந்துரைகள் வந்துவிட்டன. நான் மொழி படித்தவன் அல்லன். கரிம வேதியியல் ஆய்வகத்தில் தினமும் இந்த ஏட்டோடு மல்லுக்கட்டுகிறவன். அங்கே நின்று பார்த்தால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

> மின்னாய்வேடு. சுருக்கமாகவும் இருக்கிறது, வாயிலும் நுழைகிறது.

நுழைகிறது, சரி. ஆனால் ஆய்வேடு என்றால் எங்களுக்கு முனைவர் பட்டத்துக்கு பைண்டு செய்து கொடுக்கும் தடிமனான புத்தகம். “மின்னாய்வேட்டை இன்று முடித்துவிட்டேன்” என்று மாணவர் சொன்னால் நெறியாளர் வாழ்த்துச் சொல்லிவிடுவார்.

> மின் ஆய்வகக் குறிப்பேடு

இதற்கு ஆதரவு அதிகம். ஆங்கிலச் சொற்கள் நிற்கும் அதே வரிசையில் தமிழையும் நிறுத்தியிருக்கிறோம், சிக்கலே அதுதான். பாலிடெக்னிக்கில் படித்த யாரிடமாவது காட்டுங்கள். மின் ஆய்வகம் என்றால் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கும் எலக்ட்ரிக்கல் லேப். அந்த லேபில் வைத்திருக்கும் நோட்டு என்றுதான் படிப்பார்கள். ‘மின்னணு’ என்று நீட்டினாலும் எலக்ட்ரானிக்ஸ் லேப் ஆகுமே தவிரத் தீராது. புதுச்சொல் வேண்டாம், ‘மின்’ஐ நகர்த்தினால் போதும்: ஆய்வக மின்குறிப்பேடு. இலங்கை நண்பர்கள் ஆய்வுகூடம், இலத்திரனியல் என்பார்கள். ‘ஆய்வுகூட இலத்திரனியல் குறிப்பேடு’ என்று அவர்களும் இதே வரிசையில் வைக்கலாம்.

> குறிப்பேடு என்பது மளிகைக் கணக்கு போல எளிதாக ஒலிக்கிறது. பதிவேடு என்றால்தான் ஆவணத் தகுதி வரும்.

இந்த இடத்தில் ஐயாவோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. நம் கல்லூரிகளில் வேதியியல் படித்தவர்களுக்கு இரண்டு நோட்டுகள் நினைவிருக்கும். ஒன்று அப்சர்வேஷன், மற்றது ரெக்கார்ட். பியூரெட் (திரவத்தை அளந்து விடும் குழாய்) காட்டும் அளவை அப்சர்வேஷனில் கிறுக்குவோம். அடித்தல் திருத்தல் எல்லாம் அதில். வாரக் கடைசியில் வீட்டில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழகாக ரெக்கார்டில் எழுதுவோம். ஒத்து வராத அளவுகள் அந்தப் பயணத்தில் ‘ஒத்து’ வந்துவிடும். பதிவேடு என்று சொன்னால் மாணவர் மனதில் வருவது அந்த ரெக்கார்ட்தான். நாம் பெயர் தேடுவதோ கிறுக்கல் ஏட்டுக்கு. அடித்ததும் தெரிய வேண்டும், ஏன் அடித்தார் என்பதும் தெரிய வேண்டும்.

மளிகைக் கணக்கு என்றதால் இன்னொன்று. பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குத் தெரியும்: நடவடிக்கையை முதன்முதலில், தேதி வாரியாக எழுதும் ஏட்டுக்குத்தான் குறிப்பேடு என்று பெயர். அதிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதுவார்கள். தப்பாக எழுதினால் அழிப்பதில்லை, திருத்தப் பதிவு ஒன்று போடுவார்கள். எங்களுக்கு வேண்டியதும் இதுவே. வேதியியலாளர்கள் கணக்கப்பிள்ளைகளிடம் கடன் வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை.

சொல்லை விட்டு ஒரு நிமிடம் ஏட்டுக்குள் போகிறேன். ஒரு முறை டைபென்சால் அசிட்டோன் என்ற கரிமச் சேர்மத்தைச் செய்தோம். பென்சால்டிஹைடு 1.06 கிராம், அசிட்டோன் 0.29 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு, எத்தனால். கணக்குப்படி 1.17 கிராம் விளைபொருள் வர வேண்டும். முதல் முறை 0.99 கிராம் கிடைத்தது, 85 சதவீதம். சில மாதம் கழித்து அதே அளவுகளில் செய்தால் 0.68 கிராம்தான், அதாவது 58 சதவீதம். இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன. பிறகுதான் ஒருவர் பென்சால்டிஹைடு பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்: மூடி ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது. பென்சால்டிஹைடு காற்றுப் பட்டால் பென்சாயிக் அமிலமாகும். அந்த அமிலம் காரத்தையும் (சோடியம் ஹைட்ராக்சைடு) தின்றுவிடும், எடுத்த 1.06 கிராமும் முழு ஆல்டிஹைடு இல்லை. எந்த பாட்டில், எந்த லாட் (தயாரிப்புத் தொகுதி), எப்போது திறந்தது என்று பதிவில் ஒரு வரி இருந்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். இப்போது எங்கள் வார்ப்புருவில் ‘லாட் எண்’, ‘திறந்த நாள்’ இரண்டும் கட்டாயக் கட்டங்கள். நிரப்பாமல் பதிவைப் பூட்ட முடியாது. தாள் நோட்டு இப்படிக் கேள்வி கேட்காது. வேர்டு கோப்பும் கேட்காது. அதனால்தான் கணினியில் தட்டியதையெல்லாம் மின்குறிப்பேடு என்று சொல்லக் கூடாது என்கிறேன். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வேதியியலாளர்களுக்காகவே உருவான கெமோஷன் போன்ற மின்குறிப்பேட்டு மென்பொருள்கள், மூலக்கூறை வரைந்தால் மூலக்கூறு எடையிலிருந்து மில்லிமோல் கணக்குவரை தாமே போட்டுவிடும்.

அப்புறம், துணைச்சொற்கள். எனக்கு முதன்மைச் சொல்லைவிட இவைதான் கவலை.

ஆடிட் டிரெயிலுக்கு (ஏட்டில் செய்த மாற்றங்களின் வரலாறு) ‘தணிக்கைத் தடம்’ என்று வந்திருக்கிறது. அகராதிப்படி சரி. ஆனால் தணிக்கை என்றதும் பாதிப் பேருக்குச் சினிமாவில் காட்சியை வெட்டுவது நினைவுக்கு வரும். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் கொண்டுவந்த விதி, ‘பகுதி 11’ என்று மருந்துக் கம்பெனிகளில் சொல்வார்களே, அது கேட்பது இதைத்தான்: யார், எப்போது, எதை மாற்றினார் என்று கணினியே நேரத்தோடு எழுத வேண்டும், மாற்றம் பழையதை மறைக்கக் கூடாது. எனவே ‘திருத்தத் தடம்’ என்கிறேன்.

கன்டெம்பரேனியஸ் ரெக்கார்டுக்கு ‘சமகாலப் பதிவு’ வேண்டவே வேண்டாம், சிறுகதைத் தொகுப்பு போல இருக்கிறது. செய்யும்போதே எழுதுவதுதான் பொருள், ‘உடன்பதிவு’ போதும்.

டைம்ஸ்டாம்ப்புக்கு ‘நேரமுத்திரை’ நன்று. ஒரு எச்சரிக்கை மட்டும். காலை 11 மணிக்குச் செய்த வினையைத் துண்டுச் சீட்டில் (சில சமயம் கையுறையிலேயே) எழுதி, மாலை 6.40க்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. மென்பொருள் 6.40 என்றுதான் முத்திரை குத்தும். ஆகவே ‘செய்த நேரம்’, ‘பதிந்த நேரம்’ என்று இரண்டு தனிக் கலைச்சொற்களாகவே பட்டியலில் ஏற்றக் கேட்டுக்கொள்கிறேன். ‘நேரம்’ என்று ஒரே கட்டம் இருந்தால் குழப்பம் நிச்சயம்.

கடைசியாக, விட்னஸ். ‘சாட்சி’ என்று எழுதினால் எங்கள் மாணவர்கள் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார்கள், கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்களோ என்று. அந்தச் சோதனையில் பங்கெடுக்காத ஒருவர் படித்து, புரிந்தது என்று ஒப்பமிடுவதுதான் வேலை. அரசு அலுவலகங்களில் புழங்கும் ‘மேலொப்பம்’ பொருந்துமா? அதில் மேலதிகாரி வாடை அடிக்கிறது. பக்கத்து மேசைக்காரரும் போடலாமே. இதற்கு என்னிடம் நல்ல சொல் இல்லை. பத்திர எழுத்து, ஊராட்சிக் கணக்கு தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.