தீபாவளித் துணி: அட்டையை நம்புறதா, துணியைத் தடவிப் பார்க்கிறதா?

காட்பாடி ஜங்ஷன் கேட்டது (இங்கே பேசுறவங்க பேரெல்லாம் புனைபெயர்):

வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து 8,000 ரூபாய்க்குள் தீபாவளித் துணி எடுக்கணும். ரெண்டு பெரியவங்க, எட்டாவது படிக்கிற பையன், அஞ்சு வயசுப் பொண்ணு. லாங் பஜார் பக்கம் போனா பாதிச் சட்டையில் பச்சை இலை போட்ட அட்டை தொங்குது: 'ஈகோ', 'நேச்சுரல்', 'ஆர்கானிக்'. விலை ஒன்றரை மடங்கு. நம்பலாமா? ரெண்டு வருஷம் தாங்குமா, ஆறு மாசத்தில் கரித்துணி ஆகுமான்னு கடையில் நின்ற இடத்திலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறது? மாமியாருக்கு ஆரணிப் பட்டு ஒண்ணு எடுக்கணும், அதுக்குப் பணம் தனி. பூமியைக் காப்பாத்துற பேச்செல்லாம் வேண்டாம், கடையில் என்ன பார்க்கணும்னு சொன்னா போதும்.

பாவும் ஊடையும்:

இலைப் படத்தை யார் வேணும்னாலும் அச்சடிச்சுக்கலாம், அதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆர்கானிக் பருத்திக்குப் பார்க்க வேண்டியது 'ஜி.ஓ.டி.எஸ்.' (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச்சான்று) முத்திரை. கூடவே சான்று கொடுத்த நிறுவனத்தின் பேரும் உரிம எண்ணும் இருக்கணும், அந்த எண்ணை ஜி.ஓ.டி.எஸ். இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அதிலும் ரெண்டு படி உண்டு: ஒண்ணில் 95 சதவீத இழையாவது ஆர்கானிக்கா இருக்கணும், இன்னொண்ணுக்கு 70 போதும். 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100' வேற சங்கதி. தயாரான துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கான்னு சோதிச்சது மட்டும்தான் அது, பருத்தி எப்படி விளைஞ்சதுன்னு சொல்லாது. 'ரீசைக்கிள்டு பாலியெஸ்டர்' பெரும்பாலும் பழைய பாட்டிலில் இருந்து வர்றது, பழைய துணியிலிருந்து இல்லை. வேர்வை விஷயத்தில் சாதா பாலியெஸ்டருக்கும் அதுக்கும் வித்தியாசம் கிடையாது.

தொங்குற அட்டையை விட்டுட்டு உள் தையலில் இருக்கிற சின்ன லேபிளைப் படிங்க. 'காட்டன் ரிச்'னா கலப்புன்னு அர்த்தம். சதவீதமே போடலைன்னா எடுக்காதீங்க. கலப்புத் துணியில் உருண்டை உருண்டையா வர்றதுக்குக் காரணம் இருக்கு: பருத்தி இழை சுருண்டாலும் அறுந்து விழுந்துடும், பாலியெஸ்டர் இழை பலமானது, உருண்டையை விடாமப் பிடிச்சு வெச்சுக்கும். ரேயான் குர்தி மே மாச வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா நனைஞ்சா அதோட பலம் பாதிவரைக்கும் குறைஞ்சிடும் (பருத்தி நேர்மாறு, ஈரத்தில் பலம் கூடும்). அதை முறுக்கிப் பிழிஞ்சா தையலோரம் விட்டுப்போகும்.

கடையில் செய்ய வேண்டியது: துணியை டியூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிங்க. நெசவு சீரா இருக்கா, கீத்து கீத்தா இடைவெளி தெரியுதான்னு பாருங்க. நகத்தால் சுரண்டினா வெள்ளைப் பொடி உதிர்ந்தா அந்த விறைப்பு கஞ்சியோடது, முதல் துவையலில் போயிடும். கைக்குட்டையை நனைச்சு, மறைவான மடிப்பில் பத்துத் தடவை தேய்ங்க. நீல ஜீன்ஸ் கொஞ்சம் ஒட்டும், இண்டிகோ சாயத்தோட இயல்பே அதுதான். கறுப்பு, சிவப்புச் சட்டையில் ஒட்டினா வெச்சுட்டு வந்துடுங்க. டி-ஷர்ட்டில் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) கேளுங்க, 160-க்குக் கீழ வேண்டாம், 180 நல்லா உழைக்கும். அதை மேஜைமேல் விரிச்சா பக்கத் தையல் நேரா கீழே இறங்கணும். முன்பக்கமா திரும்பியிருந்தா நூலோட முறுக்கு இன்னும் அடங்கலை, துவைக்கத் துவைக்க மேலும் திரும்பும். சட்டைத் துணியில் 2/100 (100-ஆம் நம்பர் நூல் ரெண்டைச் சேர்த்து முறுக்கினது) மாதிரி இரட்டை நூல், அதே பருமனுள்ள ஒற்றை நூலைவிட நாள்பட உழைக்கும்.

சந்தேகம் தீரலைன்னா வீட்டில் வந்து உள் தையலிலிருந்து ரெண்டு இழை உருவி, இடுக்கியில் பிடிச்சு, எவர்சில்வர் தட்டுமேல் கொளுத்திப் பாருங்க. பருத்தி காகிதம் மாதிரி எரிஞ்சு மெத்துனு சாம்பலாகும். ரேயானும் அப்படித்தான் எரியும், அதனால அது ரெண்டையும் இதை வெச்சுப் பிரிக்க முடியாது. பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியா நிக்கும்.

ஊசிமுனை:

மேலே சொன்னவர் தையலைத் தொடவே இல்லை. ரெடிமேடு முதலில் விடுறது அங்கதான். இஞ்சுக்கு 10 முதல் 12 தையல் இருக்கணும், 7, 8 இருந்தா அவசரத்தில் ஓட்டினது. தையலுக்கும் ஓவர்லாக்குக்கும் (விளிம்பு பிரியாமப் போடுற தையல்) நடுவில் துணியே மிச்சமில்லைன்னா பிற்பாடு பிரிச்சுவிட வழி கிடையாது.

பொண்ணுக்குப் பாவாடை சட்டை தைக்கக் கொடுங்க. பாவாடையில் ரெண்டு டக் (பிற்பாடு பிரிச்சு நீளம் கூட்டுற மடிப்புத் தையல்), அடியில் 3 இஞ்ச் மடிப்பு, சட்டைப் பக்கவாட்டில் ஒரு இஞ்ச் உள்துணி விடச் சொல்லுங்க, வருஷத்துக்கு ஒரு டக்கா பிரிச்சா மூணாவது தீபாவளியும் போடலாம். பையன் பேன்ட்டுக்கு 3 இஞ்ச் மடிப்பு. பெரியவருக்கு முழுக்கைச் சட்டைன்னா 58 இஞ்ச் பன்னாவில் (துணி அகலம்) 1.6 மீட்டர், 36 இஞ்ச் பன்னாவில் சுமார் 2.25 மீட்டர். பருத்தியா இருந்தா ராத்திரி முழுக்கத் தண்ணியில் போட்டு, நிழலில் காயவெச்சு, அப்புறம் டெய்லர் கிட்டக் கொடுங்க. ஜாக்கெட்டுக்கு லைனிங்கையும் நனைக்கணும். மேல்துணி மட்டும் நனைச்சு லைனிங்கை அப்படியே வெச்சுத் தெச்சா, முதல் துவையலில் லைனிங் சுருங்கி ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் விழும். எந்த டெய்லராலும் அதைச் சரிபண்ண முடியாது.

தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடியே கொடுத்துடுங்க. கடைசி வாரம் கொடுத்தா இஞ்சுக்கு எத்தனை தையல்னு எண்ண நேரம் இருக்காது.

பாலாறு:

பெரிய பேச்சு வேண்டாம் என்கிறீர்கள். ஆனால் வேலூர் பக்கத்தில் அது பெரிய பேச்சே அல்ல, கிணற்றுத் தண்ணீர் விஷயம். 'மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது, இங்குள்ள தோல் பதனிடும் ஆலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் அளித்த தீர்ப்பு. தோல் பதனிடப் போடும் குரோமியத்தை மட்டும் எல்லாரும் சொல்வார்கள். பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பும் அதே அளவுக்குத் தொல்லை. கழுவிய தண்ணீரோடு அது நிலத்தில் இறங்கினால் எளிதில் பிரிக்க முடியாது. திருப்பூரில் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததும் இதே கதைதான். அங்கே சாயப்பட்டறைகளை மூடும்படி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மலிவு விலையில் விட்டுப்போன தொகையை ஆற்றங்கரை ஊர்கள் கட்டுகின்றன.

எனவே செருப்பு, ஷூ வாங்கும்போதும் கணக்குப் பாருங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தள்ளுபடியில் கிடைக்கும் ஏற்றுமதி மிச்சச் சரக்கில் பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் இருந்தால் தயாரிப்பு மாதத்தைத் தேடுங்கள். காற்றிலுள்ள ஈரமே பி.யூ.வை மெல்ல அரிக்கும். பெட்டியிலேயே சில வருடம் கிடந்த ஷூ, போட்ட வாரத்தில் பொடிப் பொடியாக உதிரலாம். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள், பள்ளம் திரும்பி எழாவிட்டால் வேண்டாம். ரப்பர் சோலுக்கு இந்தக் கோளாறு இல்லை. விளிம்பில் தையல் ஓடிய சோலைப் பிரித்து மாற்றலாம், வெறுமனே ஒட்டியது திரும்பத் திரும்ப வாய் பிளக்கும்.

நாலு முழம்:

பாலியெஸ்டர்னாலே பாவம்னு முடிவு கட்டாதீங்க. எட்டாவது படிக்கிற பையனோட யூனிஃபார்ம் பேன்ட் தினமும் தரையில் தேயும், வாரம் ரெண்டு தடவை துவைபடும். அதுக்கு பாலியெஸ்டர்-விஸ்கோஸ் (ரேயான் வகை) கலப்புதான் வருஷம் முழுக்கத் தாங்கும். சுத்தப் பருத்தி எடுத்து ஆறு மாசத்தில் இன்னொண்ணு வாங்குறதில் என்ன மிச்சம்? சட்டை மட்டும் பருத்தி கூடினதா இருக்கட்டும், வேர்க்குரு குறையும்.

விலைக்கணக்கு: 1,200 ரூபாய்ச் சட்டை நூறு தடவை உடுத்தினா தடவைக்கு 12 ரூபாய். 400 ரூபாய்ச் சட்டை இருபத்தஞ்சு தடவையில் கழிஞ்சா 16. பெரியவருக்கு வீட்டுக்கு உடுத்த ரெண்டு குடியாத்தம் லுங்கி எடுத்துடுங்க. சட்டையும் பேன்ட்டும் வெளியே போறப்ப மட்டும் போட்டா ரெட்டிப்பு நாள் வரும். கைத்தறிதான் வேணும்னா ஹேண்ட்லூம் மார்க் பாருங்க, குடியாத்தத்தில் விசைத்தறியும் நிறைய ஓடுது.

ஆரணி ரோடு:

பட்டுக்கு மட்டும் சொல்றேன். சில்க் மார்க் லேபிள் இழை சுத்தப் பட்டுன்னு மட்டும்தான் சொல்லும், கைத்தறியா, ஜரிகை அசலான்னு சொல்லாது. கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் தனி. ஜரிகை என்ன ரகம்னு பில்லில் எழுதி வாங்குங்க. எழுத மறுத்தா வேற கடை பாருங்க. வீட்டில் பிளாஸ்டிக் கவரில் வைக்காம பழைய வேட்டியில் சுத்தி, மூணு மாசத்துக்கு ஒருமுறை மடிப்பை மாத்துங்க. ஒரே மடிப்பில் கிடந்தா ஜரிகை அந்தக் கோட்டிலேயே உடையும்.

காட்பாடி ஜங்ஷன்:

ரொம்ப நன்றிங்க. பொண்ணுக்கும் பெரியவருக்கும் தைக்கக் கொடுக்கிறதா முடிவு. ஒண்ணே ஒண்ணு: எங்க போர் தண்ணி உப்பு. வெள்ளைச் சட்டை நாலு துவையலில் பழுப்பாகுது. துணிக் கோளாறா?

பாவும் ஊடையும்:

துணியில் கோளாறு இல்லை. கடினத் தண்ணியில் சோப்புக் கட்டி போட்டா, சுண்ணாம்புச் சத்தோட சேர்ந்து கரையாத பிசுக்காகி இழையில் படியும். கட்டி சோப்பை விட்டுட்டு டிடர்ஜென்ட் பவுடருக்கு மாறுங்க, கடைசி அலசலை மட்டும் குடிதண்ணியிலோ மழைத்தண்ணியிலோ செய்ங்க. ஏற்கெனவே பழுப்பானதுக்கு அரை வாளித் தண்ணியில் கால் டம்ளர் வெள்ளை வினிகர், இருபது நிமிஷம், அப்புறம் நல்லா அலசணும். பிளீச்சோட மட்டும் சேர்க்காதீங்க, விஷவாயு வரும்.